பழங்குழி சொன்ன சேதி

புதையல் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ஒரு பானைதான் நினைவுக்கு வரும். வாய் கட்டிய பானை, உள்ளே பொற்காசு, மேலே படமெடுத்த நல்ல பாம்பு, பக்கத்தில் ஒரு பாழ்மண்டபம். பாட்டிமார் கதையில் தொடங்கி வெள்ளித்திரை வரையில் இந்தப் பானை நம்மை விட்டபாடில்லை. 'கே. ஜி. எஃப்.' என்னும் கன்னடப் படம் 2018இலும், அதன் இரண்டாம் பகுதி 2022இலும் வந்தன. 2024இல் நம் தமிழில் 'தங்கலான்' வந்தது. அதன் பிறகு நம் வளாகத்தில் கோலார் தங்கவயலைப் பற்றிப் பேசாத மாணவர் இல்லை என்றே சொல்லலாம். "அங்கே போனால் ஒரு குன்றிமணி அளவாவது பொறுக்கலாமா?" என்று என்னைக் கேட்ட நண்பர்கள் பலர். நிலநூல் பயில்கின்றவன் என்பதனால் என்னைக் கேட்கின்றார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை சொல்வதைவிட எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுவது நன்று என்று தோன்றியது.

நண்பர்களே! முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். புதையல் வேறு, பழஞ்சுரங்கம் வேறு. புதையல் என்பது மனிதன் வைத்தது. அவன் வைத்த அளவோடு முடிந்துவிடும். சுரங்கம் என்பது இயற்கை வைத்தது. மனிதன் எடுத்து நிறுத்திய இடத்துக்கு அப்பாலும் அது தொடரக் கூடும். இந்த வேற்றுமையை அறியாமல் வேட்டையாடியவர்கள் உலகெங்கும் உண்டு.

வட அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியைப் பாருங்கள். இன்று அரிசோனா என்று வழங்கும் நாட்டிலும், அதற்குத் தெற்கே மெக்சிகோவிலும் ஸ்பானியர் ஆண்ட காலத்தில் இயேசு சபைத் துறவியர் பல ஊர்களில் கோயில் எழுப்பி வாழ்ந்தனர். 1767ஆம் ஆண்டில் ஸ்பெயின் மன்னன் மூன்றாம் சார்லசு அவர்கள் அனைவரையும் தன் ஆட்சிப் பரப்பினின்றும் வெளியேற்றினான். அவ்வளவுதான் வரலாறு. பின்னர் எழுந்ததோ பெருங்கதை! துறவியர் இரகசியமாக வெள்ளிச் சுரங்கங்கள் நடத்தினராம். போகுமுன் வெள்ளிக் கட்டிகளைக் கோயில் தளத்தின் கீழே புதைத்தனராம். சுரங்க வாயில்களைக் கல்லால் அடைத்தனராம். வெளியேற்றும் ஆணையோ முத்திரையிட்டு இரகசியமாக அனுப்பப் பெற்றது. துறவியர் அதை அறிந்தபோது காவலர் வாசலில் நின்றனர். புதைப்பதற்கு நேரம் ஏது?

எனினும் வேட்டையாடுவோர் கேட்கவில்லை. துமாக்காகோரி என்னும் ஊரில் பாழாய்க் கிடந்த கோயிலின் தளத்தைப் பெயர்த்தார்கள், சுவரைக் குடைந்தார்கள். கிடைத்தது மண். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோயிலைக் கட்டத் தொடங்கியதே ஏறத்தாழ 1800இல்தான். கட்டியவர்கள் இயேசு சபையார் அல்லர். அவர்களுக்குப் பின் வந்த பிரான்சிஸ்கன் துறவியர். 1767இல் போனவர்கள், 1800இல் எழுந்த தளத்தின் கீழே எதனைப் புதைத்திருக்க முடியும்? 1908இல் அமெரிக்க அரசு அவ்விடத்தைத் தேசிய நினைவிடமாக அறிவித்துக் காத்ததனால் எஞ்சிய சுவர்களேனும் பிழைத்தன.

இனி நம் ஊருக்கு வருவோம். பெங்களூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் மாரிகுப்பம், உரிகம் என்னும் சிற்றூர்கள் இருந்தன. அந்தப் பக்கத்தில் மண்ணுக்கடியில் பொன் உண்டு என்ற பேச்சு நெடுநாளாக வழங்கி வந்தது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்பு, மைசூர் நாட்டின் கிழக்கெல்லையை அளக்கும் பணியில் ஜான் வாரன் என்னும் படையதிகாரி ஈடுபட்டிருந்தார். 1802இல் அவர் காதில் இப்பேச்சு விழுந்தது. வேறொருவராயிருந்தால் பழங்கோயிலைத் தேடிப் போயிருப்பார். வாரன் அவ்வாறு செய்யவில்லை. பொன் எடுத்துக் காட்டுவோர்க்குப் பரிசு தருவேன் என்று ஊரில் அறிவித்தார். ஊரார் மாட்டுவண்டியில் மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரிலேயே நீரில் அலசி அரித்தனர். அடியிலே பொன்தூள் மின்னியது!

வாரன் அதோடு நிற்கவில்லை. மாரிகுப்பத்தில் மக்கள் குழியில் இறங்கி வேலை செய்வதையும் நேரில் கண்டார். முப்பது அடிக்கு மேற்பட்ட ஆழம். ஏணி இல்லை, குழியின் பக்கச் சுவரில் கால் வைக்கச் சிறு பள்ளங்கள் மட்டும். கீழே வெட்டிய கல் கூடையிலே கைமாறிக் கைமாறி மேலே வரும். மேலே பெண்கள் அக்கல்லைப் பாறைமேல் வைத்து இடித்துப் பொடியாக்கி, நீரில் அலசிப் பொன்னைப் பிரித்தார்கள். ஏறக்குறைய 56 கிலோ மண்ணுக்கு ஒரு கிரெய்ன் பொன் கிடைக்கும் என்று வாரன் கணக்கிட்டார். இன்றைய அளவில் சொன்னால், ஒரு டன் மண்ணுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல். அவருடைய அறிக்கை 1804இல் அச்சாயிற்று. வாரனை வெறும் படைவீரர் என்று எண்ணிவிட வேண்டா. பின்னர்ச் சென்னை வான்நோக்கு நிலையத்தின் பொறுப்பை ஏற்றவர் அவர்; தென்னாட்டுப் பஞ்சாங்கக் கணக்கை ஆராய்ந்து 'காலசங்கலித' என்னும் நூலை 1825இல் வெளியிட்டவரும் அவரே. பிறர் அறிவைக் கேட்டறியும் பண்பு அவரிடம் இருந்தது. நம்மவரின் நாள்கணக்கைக் கேட்டதுபோலவே நம்மவரின் பொற்குழியையும் கேட்டார்.

அக்குழிகளில் இறங்கிய மக்களின் அறிவு எத்தனை பழமையானது? நம்பத்தகுந்த விடை ஒன்று உண்டு. பழங்குழிகளில் தாங்குகோலாக நிறுத்திய மரத்துண்டுகள் மண்ணுக்குள் மக்காமல் கிடைத்திருக்கின்றன. மரத்திலுள்ள கரியை ஆராய்ந்து காலம் கணிக்கும் முறையினால், கோலாரின் சாம்பியன் ரீப் குழி மரம் ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்றும், இராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டிச் சுரங்கத்தின் மரம் ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையுடையது என்றும் கண்டனர். ஹட்டியில் பழங்குழி 600 அடிக்கும் கீழே போயிருக்கின்றது. வெடிமருந்து இல்லை, மின்விளக்கு இல்லை, நீரிறைக்கும் பொறி இல்லை. 600 அடி! நம் நகரத்துக் கட்டடம் ஒன்றை ஐம்பது மாடிக்குக் கட்டித் தலைகீழாக மண்ணில் நட்டதாக எண்ணிப் பாருங்கள்.

எப்படிச் செய்தார்கள்? நெருப்பைக் கொண்டு செய்தார்கள். பாறையின் முகத்திலே விறகை அடுக்கி எரிப்பார்கள். பாறை நன்றாகக் காய்ந்ததும் தண்ணீரை வாரி அடிப்பார்கள். சூடேறி விரிந்த பாறை, திடீரென்று குளிர்ந்து சுருங்கும்போது வெடித்து விள்ளும். விண்ட பிளவிலே உளியை வைத்துப் பெயர்ப்பார்கள். குறுகிய குழியின் அடியில் விறகு எரித்தால் புகை எங்கே போகும், மூச்சுக்கு என் செய்தனர் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. இந்திய துணைக்கண்டத் தொல்லியலில் வல்லுநரான ஆல்சின் என்னும் ஆங்கில அறிஞர் 1962இல் இந்தப் பழைய முறைகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கின்றார். ஆர்வமுள்ளவர்கள் நம் நூலகத்தார் வழியாகத் தேடிப் பெறலாம்.

அவர்கள் ஏன் நிறுத்தினார்கள்? இதுதான் இப்பாடத்தின் நடு நரம்பு. பொன் தீர்ந்ததனால் நிறுத்தினார்கள் என்று கொள்வது எளிது. ஆனால் பெரும்பாலும் நடந்தது அதுவன்று. கீழே போகப் போக ஊற்றுநீர் பெருகும். கைக்கூடையாலும் குடத்தாலும் இறைத்து மாளாத ஓர் ஆழம் வரும். அங்கே அவர்கள் தோற்றனர். ஆகவே, பழங்குழியின் அடித்தளம் பொன்னின் எல்லையைக் காட்டுவதில்லை. அக்காலத்து மனிதனின் நீரிறைக்கும் ஆற்றலின் எல்லையையே காட்டுகின்றது. இதனைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அக்குழி ஓர் ஓலைபோலச் சேதி சொல்லும்: 'இதுவரை நாங்கள் வந்தோம், இதற்குக் கீழே உன்னால் முடியுமானால் போ.'

அந்த ஓலை அறுபது ஆண்டுகளுக்கு மேல் படிப்பாரின்றிக் கிடந்தது. இடையிடையே முயன்றவர்கள் உண்டு, பயன் இல்லை. பின்னர் வந்தவர் மைக்கேல் லாவெல். அயர்லாந்துக்காரர், நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டுப் பெங்களூர்த் தண்டுப் பகுதியில் குடியேறியவர். நியூசிலாந்தில் தங்க வேட்டையைக் கண்டிருந்தபடியால் அந்த ஆசை அவர் நெஞ்சில் இருந்தது. வாரனின் 1804ஆம் ஆண்டு அறிக்கை அவர் கையில் அகப்பட்டது. 1871இல் மாட்டுவண்டி கட்டிக் கொண்டு கோலாருக்குப் புறப்பட்டார். இடங்களைப் பார்த்து வைத்துக் கொண்டு, 1873இல் மைசூர் அரசிடம் விண்ணப்பித்து, 1875இல் இருபது ஆண்டுக் குத்தகை பெற்றார். உரிகத்தில் குழி தோண்டவும் தொடங்கினார். கைப்பொருளோ போதவில்லை. இரண்டு ஆண்டுகளில் உரிமையைப் பிறர்க்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். நாம் காபி குடிக்கவும் கடை பார்க்கவும் போகின்ற லாவெல் சாலை அவர் பெயரைத் தாங்கியதுதான். அவ்வழியே போகும் மாணவருள் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே இரண்டாம் ஆண்டு வகுப்பில்தான் தெரிய வந்தது.

1880இல் இலண்டனிலிருந்து ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். பொறியும் பொறியாளரும் வந்தனர். வந்தும் என்ன? மூன்று நான்கு ஆண்டுகள் கண்ட கண்ட இடத்தில் தோண்டிப் பணத்தைக் கரைத்தார்கள். பல கம்பெனிகள் தளர்ந்தன. மைசூர்க் கம்பெனியின் முதலும் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. மூடிவிட்டு எஞ்சியதைப் பங்கிட்டுக் கொள்வோம் என்றனர் பங்குதாரர். மிச்சமிருக்கும் பணத்தையும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம் என்று ஜான் டெய்லர் அவர்களை இணங்க வைத்தார். சுரங்கத் தலைவராயிருந்த பிளம்மர் என்பார் அப்போது என்ன செய்தார் தெரியுமா? புதிய இடம் தேடவில்லை. மாரிகுப்பத்திலே நம் முன்னோர் வெட்டிவிட்டுப் போன பழங்குழியையே தூர்வாரி, அதன் அடிக்குப் போனார். பழைய மனிதனின் கடைசி உளிக்குறிக்குக் கீழே சாம்பியன் நரம்பு காத்திருந்தது! கோலாரின் செல்வம் முழுவதும் அந்த ஒரு நரம்பிலிருந்து விளைந்தது என்றால் மிகையாகாது.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பலாம். பழங்குழி இருந்த இடமெல்லாம் பொன் விளைந்ததா? இல்லை. நீலமலையில் தேவாலா, பந்தலூர்ப் பக்கத்தைக் கேளுங்கள். அங்கும் மலைவாழ் மக்கள் தோண்டிய பழங்குழிகள் ஏராளம். பிரௌ ஸ்மித் என்னும் ஆஸ்திரேலிய நிபுணர் அவற்றைப் பார்த்து 1880இல் புகழ்ந்து அறிக்கை கொடுத்தார். உடனே இலண்டன் பங்குச்சந்தையில் வெறி பிடித்தது. முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் ஒன்றிரண்டு ஆண்டுகளில் முளைத்தன. காடு அழிந்தது; பங்களா எழுந்தது; பொறிகள் மலையேறின. கல்லை அரைத்துப் பார்த்தால் செலவுக்குக் கட்டும் பொன் இல்லை. சில ஆண்டுகளில் எல்லாம் வீழ்ந்தன. பொன் இருந்தது உண்மை. ஆனால் தன் உழைப்பைக் கூலியாகக் கணக்கிடாத ஏழைக் குடும்பத்துக்குப் போதுமான பொன், இலண்டன் பங்குதாரனுக்குப் போதாது. பழங்குழி 'பொன் உண்டு' என்று சொல்லும். 'எத்தனை' என்று சொல்லாது. அதைக் கல்லை உடைத்துச் சோதித்துத்தான் அறியவேண்டும். கோலாரில் கடைசியில் சோதித்தார்கள். நீலமலையில் சோதிக்குமுன் பங்கு விற்றார்கள்.

கோலார் தந்த பொன் எவ்வளவு? 1880க்கும் 2001க்கும் இடையில் ஏறத்தாழ 5 கோடி டன் கல்லை வெட்டியெடுத்து, அதிலிருந்து 800 டன் அளவில் பொன் பிரித்தனர். நம் மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பொன் நீரைவிட 19.3 மடங்கு கனமானது. எனவே 800 டன் பொன்னை உருக்கி ஒன்றாக்கினால் 41 கனமீட்டருக்குச் சற்று மேல். பன்னிரண்டடி நீளம், பன்னிரண்டடி அகலம், பத்தடி உயரமுள்ள ஒரு விடுதி அறைக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும்! 120 ஆண்டு உழைப்பு. நான்கைந்து தலைமுறை மனிதர். 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம். எல்லாம் ஓர் அறை நிறைக்க.

அந்த அறையை நிறைத்தவர்கள் யார்? பெரும்பாலோர் தமிழர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து போன நிலமற்ற, ஒடுக்கப்பட்ட குடிகள். என் தந்தையார் ஊரிலும் 'வயலுக்குப் போனவர்' என்று சொல்லும் குடும்பங்கள் பல. வயல் என்றால் நெல்வயல் அன்று, தங்கவயல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 25,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தனர். அடியில் பாறையின் சூடு 60 பாகையைத் தாண்டும். மேலிருக்கும் மலையின் அழுத்தம் தாங்காமல் பாறை தானே வெடித்துச் சிதறும். 'பாறைவெடிப்பு' என்றால் அங்கே வீட்டுப் பெண்கள் ஓடிப்போய்ச் சுரங்க வாயிலில் நிற்பார்கள்.

வெடிப்பைவிடக் கொடியது தூசி. பொன் இருக்கும் வெள்ளைக்கல்லை நம் நாட்டுப்புறத்தார் வெங்கச்சங்கல் என்பர். அதை இடிக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகிவிடும். சிலிக்கோசிஸ் என்பது அந்நோயின் பெயர். படிந்தது படிந்ததுதான், மீட்க மருந்தில்லை. 1940களில் மருத்துவர்கள் 7,653 தொழிலாளரைச் சோதித்தனர். நூற்றுக்கு 43 பேருக்கு மேல் இந்நோய் கண்டது. மற்ற எண்கள் மறந்தாலும் இந்த ஓர் எண்ணை நண்பர்கள் மறக்காதிருக்க வேண்டுகிறேன். பொன்னை எண்ணிய கம்பெனிக் கணக்கில் ஒவ்வோர் அவுன்சுக்கும் இடம் இருந்தது. இந்த மூச்சுக்கு எந்தப் பத்தியில் இடம்?

தங்கவயலுக்காகவே சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்து, 1902இல் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கொண்டு போயினர். பெங்களூர்த் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது 1905இல். சுரங்கத்துக்கு முதலில், நகரத்துக்குப் பின்னர்! தொழிலாளர் குடியிருப்புகளுக்கோ இன்னும் பின்னர்.

இருந்தும் அம்மக்கள் இருளிலே கிடக்கவில்லை. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் கிளை விட்டது. பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ் நின்றுபோன பின்பு, 1926இல் ஜி. அப்பாதுரையார் அதனைத் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். தமிழ்நாட்டு எல்லைக்கு வெளியே, கன்னட மண்ணில், சுரங்கத் தொழிலாளரின் காசில் ஒரு தமிழ் இதழ்! 1930இல் கைரேகை பதிய வேண்டும் என்று ஆணை வந்தபோது, தொழிலாளர்கள் ஒருசேர வேலையை நிறுத்தி எதிர்த்து நின்றனர். குற்றவாளியைப் போல் எங்களை எண்ணாதே என்பதுதான் அந்தப் போராட்டத்தின் பொருள்.

சுரங்கம் 1956இல் மைசூர் அரசின் கைக்கும், 1962இல் மத்திய அரசின் கைக்கும் வந்தது. 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் நடத்தியது. இடையில் அறிவியலுக்கு ஒரு பெரும் பேறு வாய்த்தது. 1965இல் 7,600 அடி ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய, ஆங்கில அறிஞரும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறந்து பூமியை ஊடுருவும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டனர். பொன்னுக்காகத் தோண்டிய பள்ளம் இயற்பியலுக்கும் உதவிற்று. ஆனால் கல்லிலே பொன் குறைந்துகொண்டே வந்தது. தொடக்க காலத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் இருந்தது, கடைசியில் 3 கிராமுக்கும் கீழே போயிற்று. 3 கிராம் என்றால், ஒரு சவரனுக்கு 2,700 கிலோ கல்லை மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து தூக்க வேண்டும். 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு சுரங்கம் மூடப் பெற்றது. பொறிகள் நின்றதும், பழைய பகைவனான ஊற்றுநீர் மெல்ல மேலேறிச் சுரங்கத்தை நிரப்பிற்று. 1,500 ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோரை வென்ற அதே நீர்!

இன்று அங்கே எஞ்சியிருப்பவை சயனைடு மேடுகள். பொன்னைச் சயனைடு நீரில் கரைத்துப் பிரித்தபின் கொட்டிய சாம்பல்நிறக் கற்பொடி மலைகள். 13 மேடுகளில் 3 கோடியே 30 இலட்சம் டன் அளவில் கிடக்கின்றது. அதிலும் டன்னுக்கு 0.7 கிராம் அளவில் பொன் இருக்கின்றது. அதை மீண்டும் பிரிக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கருநாடக அமைச்சரவை 2024இல் இசைவளித்தது. 'பொறுக்கலாமா' என்று கேட்ட நண்பர்களுக்கு விடை இதுவே: ஒரு சவரனுக்கு 11 டன்னுக்கு மேல் நச்சுப்பொடியைச் சுமக்க வேண்டும். காற்று வீசும் மாதங்களில் அப்பொடி பறந்து வீடுகளில் படிகின்றது. அங்கே குடியிருப்போர் அதைப் பொறுக்கவில்லை, பொறுத்துக் கொண்டிருக்கின்றனர்.

இனிப் பானை வேட்டைக்காரரிடம் திரும்புவோம். அவர்கள் அமெரிக்காவில் மட்டும் இல்லை. 2019 சூலையில், ஹம்பிக்கு எதிரே ஆனெகுந்தியில், துங்கபத்திரை ஆற்றிடைத் தீவில் உள்ள வியாசராசரின் பிருந்தாவனத்தை ஓரிரவில் புதையல் தேடி உடைத்துப் போட்டனர். விசயநகரப் பேரரசர் போற்றிய ஆசிரியரின் நினைவிடம் அது. உள்ளே பொன்னும் இல்லை, மணியும் இல்லை. அடியார்கள் கூடிச் சில நாட்களிலே மீண்டும் எழுப்பினார்கள். பெயர்பெற்ற இடம் ஆதலால் எழுப்ப ஆள் இருந்தது. ஊர்ப்புறத்தில் தனியே நிற்கும் நடுகல்லை உடைத்தால் எழுப்ப யார் வருவார்? கருநாடகமெங்கும் நடுகல்லின் அடியில் புதையல் உண்டு என்ற நம்பிக்கை பரவியிருக்கின்றது. நடுகல் என்பது ஊர்காத்து மாண்டவனின் நினைவு; வங்கிப் பெட்டகம் அன்று. 'பெங்களூர்' என்ற பெயர் முதன்முதலாகக் காணப்படுவதே பேகூர்க் கோயிலிலுள்ள ஏறத்தாழ 890ஆம் ஆண்டுக் கல்வெட்டில்தான். அதுவும் ஒரு போரில் மாண்ட வீரனைப் பற்றியது. யாரோ ஒருவன் ஓரிரவு கடப்பாறையோடு போயிருந்தால், நம் நகரம் தன் பெயரின் பழமையை இழந்திருக்கும்.

சட்டமும் இதில் கண்டிப்பானது. கருநாடகத்தில் 1962ஆம் ஆண்டின் புதையல் சட்டமும், தமிழ்நாட்டில் 1878ஆம் ஆண்டின் சட்டமும் உள்ளன. மண்ணில் தற்செயலாக எது கிடைத்தாலும் அரசுக்கு அறிவித்தல் வேண்டும், மறைத்தால் தண்டனை. காக்கப்பெற்ற சின்னங்களைத் தோண்டுவது தனிக்குற்றம்.

விடுமுறையில் ஊர்ப்பக்கம் போகும் நண்பர்கள் பழங்குழியைக் கண்டால் அறிவது எங்ஙனம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைப் பள்ளமாயிராது, கல்நரம்பு ஓடும் திசையில் ஒரே வரிசையாகப் பள்ளங்கள் தொடரும். பக்கத்திலே புல் சரியாக முளைக்காத கற்குவியல் இருக்கும். அதில் வெங்கச்சங்கல் சில்லுகள் மிகுந்திருக்கும். அருகிலுள்ள பாறை முகத்தில் கிண்ணம் கிண்ணமாகக் குழிகள் காணலாம். கல்லை இடித்த இடம் அது. பள்ளத்தின் சுவர் கரிபடிந்தோ, உளிபடாமல் வழவழவென வளைந்தோ இருந்தால், நெருப்பு வைத்து உடைத்த அடையாளம். கருப்புச் சிவப்புப் பானை ஓடுகளும் கிடக்கக் கூடும்.

உள்ளே இறங்க வேண்டா. கெட்ட காற்றும் தளர்ந்த பாறையும் ஆளை விழுங்கும். வாயிலில் நின்றே படம் எடுங்கள். எந்த ஊர், எந்தக் குன்று, குழிகளின் வரிசை எந்தத் திசையில் போகின்றது, எத்தனை குழி, ஊரார் அந்த இடத்தை எந்தப் பெயரால் அழைக்கின்றனர் என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள். பெயர் மிகவும் முக்கியம். வயது முதிர்ந்தவரை, பெரியவரே என்று அழைத்துப் பணிவோடு கேட்டால் ஒரு கதையும் கூடவே கிடைக்கும். அதையும் எழுதுங்கள். குறிப்பின் ஒரு படியை மாநிலத் தொல்லியல் துறைக்கும், இன்னொன்றை நம் நிலநூல் துறைக்கும் அனுப்பலாம். பானை ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தீர்களானால், எடுத்த இடத்திலேயே, எடுத்த முகமாகவே வைத்துவிட்டு வாருங்கள்.